வயலுக்குப் போனனீங்களோ?

ஊர் டொக்டரிடம் இருக்கும் மிகக் கூரான கருவி ஒரு கேள்வி. அதைக் கேட்க அவர் ஊரில் இருக்கவேண்டும். 1848இல் மானிப்பாயில் வகுப்புத் தொடங்கிய ஓர் அமெரிக்க வைத்தியர் போட்டுப் பார்த்த கணக்கு, பருத்தித்துறையில் இன்னும் மீதி விட்டுக்கொண்டே இருக்கிறது.

2024 நவம்பர் கடைசியில் வங்கக் கடலில் எழுந்த ஃபெங்கல் புயல் யாழ்ப்பாணக் குடாநாட்டை நாட்கணக்கில் மழையில் ஊறவைத்தது. வயல், தோட்டம், ஒழுங்கை எல்லாம் ஒரே மட்டத்தில் வெள்ளம். வெள்ளம் வடியத் தொடங்கியபோது காய்ச்சல் வந்தது. டிசம்பரில் பருத்தித்துறை, கரவெட்டி, சாவகச்சேரிப் பக்கங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் சிலர் சில நாட்களுக்குள் இறந்துபோனார்கள். முதலில் வந்த செய்திகள் அதை 'மர்மக் காய்ச்சல்' என்றன. பரிசோதனை முடிவுகள் வந்தபின் மர்மம் கலைந்தது. எலிக்காய்ச்சல்.

எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி தேங்கிய தண்ணீரில் கலக்கிறது. பித்தவெடிப்பு, கால்விரல் இடுக்குப் புண், கத்தி கீறிய காயம் வழியாக உடம்புக்குள் போகிறது. முதல் இரண்டு மூன்று நாட்களில் அதற்கென்று தனி முகம் கிடையாது. காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு, கெண்டைக்கால் நோ. அதே மாதங்களில் டெங்கும் வரும். அதுவும் ஏறக்குறைய இந்த முகத்தோடுதான் வரும். வேளைக்குப் பிடித்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்தில் அடங்கிவிடும். பிந்தினால் சிறுநீரகம் பழுதாகும், நுரையீரலுக்குள் இரத்தம் கசியும். ஆய்வுகூட முடிவு வரும்வரை காத்திருக்க நேரமில்லாத நோய் இது. அந்த இடைவெளியில் வைத்தியரின் கையில் இருப்பது இரண்டே சொல்லுள்ள ஒரு கேள்வி.

"வயலுக்குப் போனனீங்களோ?"

எந்த ஊர் வைத்தியரும் இதைக் கேட்கலாம். ஆனால் வந்தவர் "இல்லை டொக்டர்" என்று சொல்லிவிட்டால்? அவரை இருபது வருடமாகத் தெரிந்தவர் அங்கே நிற்கமாட்டார். "அப்ப போன கிழமை மிளகாய்த் தோட்டத்துக்கை வெள்ளம் வெட்டிவிட ஆர் இறங்கினது? மகனோ?" என்று அடுத்ததைக் கேட்பார். தோட்டம் எங்கே இருக்கிறது, அது எவ்வளவு பள்ளம், மகன் கனடாவுக்குப் போய் எத்தனை வருடம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முதல் கேள்வியைப் பாடப்புத்தகம் கற்றுக்கொடுக்கும். இரண்டாவது கேள்வி ஊரில் இருந்தால்தான் வரும்.

வாங்கில் இருந்த ஊர்

பருத்தித்துறையிலிருந்து தும்பளைக்குப் போகும் வழியில் தெருமூடிமடம் இருக்கிறது. பெயரே விளக்கம். தெருவின் இரு பக்கமும் கல் திண்ணை, தெருவுக்கு மேலாகக் கூரை. போகிறவர் வழியை விட்டு விலகாமலே நிழலுக்குள் வருவார், பாரத்தை இறக்குவார், மூச்சு வாங்கியபின் எழும்பிப் போவார். பழைய குடும்ப டொக்டரின் அறையும் இந்த வகைதான். சந்தைக்குப் போகிற வழியில், பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில், பஸ் எடுக்கிற வழியில் இருக்கும்.

இது எந்த ஒருவரின் அறையும் அல்ல; வடமராட்சியில் வளர்ந்த எவருக்கும் தெரிந்த அறை. வெளியில் நீள வாங்கு. நம்பர் துண்டு கொடுக்க ஒரு பெடியன். பாதி மறைத்த கதவுக்குப் பின்னால் மருந்து கட்டுகிறவர். வாங்கில் இருப்பவர்கள் தங்கள் முறை வருமுன்னமே ஒருவர் நோயை மற்றவருக்குச் சொல்லி முடித்திருப்பார்கள். உள்ளே போனதும் டொக்டர் நாடியைப் பிடித்தபடி, "எணை ஆச்சி, மூத்தவளின்ரை கலியாணம் சரிவந்ததோ?" என்பார். ஆச்சிக்கு அது கதை. டொக்டருக்கு அது சோதனை. கலியாணம் குழம்பிய மாதங்களில் ஆச்சியின் பிறசர் ஏறும் என்பது அவருக்குத் தெரியும்.

நோய்க்கு நம்மிடம் இருக்கும் சொற்களைக் கவனித்தால், இந்த அறையில் என்ன மொழி புழங்கியது என்று விளங்கும். தொய்வு, நாரிப்பிடிப்பு, நெஞ்சடைப்பு, வயித்துக் குத்து, சலரோகம். "ஒரு மாதிரிக் கிடக்கு" என்று ஒன்று இருக்கிறது. அதை எந்த மருத்துவ அகராதியிலும் காணமுடியாது. மருந்து பலித்தால் "குளிசை கேட்டது" என்கிறோம். பலிக்காவிட்டால் "கேக்கேல்லை". மருந்துக்கே காது வைத்த மொழி இது. அந்தக் காது முதலில் மருந்தை எழுதுகிறவருக்கு இருக்கவேண்டும் என்பதை ஊர் நன்றாக அறிந்திருந்தது.

அந்த வாங்கில் எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று சொல்வதற்கில்லை. ஊசி போடாவிட்டால் டொக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவெடுக்கும் சனம் இருந்தது. அந்த அபிப்பிராயத்துக்குப் பயந்து தேவையில்லாத ஊசி போட்டவர்களும் இருந்தார்கள். 'கைராசி' என்ற நம்பிக்கை சில பிழைகளை மூடி மறைத்தது. ஒரே ஒருவரை நம்பியிருந்த ஊரில் அவருக்கே காய்ச்சல் வந்தால் ஊர் அனாதையானது. இவ்வளவையும் ஒத்துக்கொண்ட பிறகும், அந்த அறைக்கு ஈடாக எதை வைத்திருக்கிறோம் என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஊரோடு நிற்கும் வைத்தியரை எப்படி உருவாக்குவது என்பதைக் குடாநாட்டில் முதன்முதலாகத் திட்டம் போட்டு அணுகியவர் ஒரு வெளிநாட்டவர்.

மானிப்பாயில் ஒரு கணக்கு

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரத்தில் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். அவருக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் பின்னாளில் நியூயோர்க் நகரத்தின் சென்ரல் பூங்கா உருவானதில் பெரும் பங்கெடுத்தவர். அந்தப் பெருநகரம் இன்றைய வடிவில் ஒன்றிணைந்ததன் தந்தை என்று சொல்லப்படுபவர். அண்ணன் உலகின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் தம்பி மானிப்பாயில் பிள்ளைப்பேறு பார்த்துக்கொண்டிருந்தார்.

1847இல் யாழ்ப்பாணம் வந்தபோது கிறீனுக்கு வயது ஏறக்குறைய இருபத்தைந்து. அவரை அனுப்பியது அமெரிக்க மிஷன். மதம் பரப்புவதே அதன் நோக்கம். அதை அவர் ஒருநாளும் ஒளித்ததில்லை. அவருக்கு முன் டொக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் இருந்து வைத்தியம் பார்த்திருந்தார். ஆனாலும் குடாநாட்டின் வைத்தியம் அன்று பரியாரிமார் கையில்தான் இருந்தது. செகராசசேகரம், பரராசசேகரம் என்று அரசர் பெயர் தாங்கிய வைத்திய நூல்களையே உருவாக்கிய மண் இது. வெற்றிடத்துக்குள் வரவில்லை என்பதைக் கிறீன் விளங்கிக்கொண்டார்.

முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார். 1848இல் மானிப்பாயில் நிலைகொண்டு சில மாணவர்களை வைத்து மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி திறந்தது 1870இல். அதற்கு இருபத்திரண்டு வருடம் முந்தியது மானிப்பாய் வகுப்பு. பாடம் முதலில் ஆங்கிலத்தில்தான் நடந்தது. பையன்கள் நன்றாகப் படித்தார்கள். படித்து முடித்ததும் போய்விட்டார்கள். ஆங்கில மருத்துவம் தெரிந்தவனுக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது, சம்பளம் இருந்தது, யாழ்ப்பாணத்துக்கு வெளியே வாழ்க்கை இருந்தது. மானிப்பாயில் விதைத்தது வேறெங்கோ விளைந்தது.

கிறீன் இதைத் துரோகமாகப் பார்க்கவில்லை. கணக்காகப் பார்த்தார். ஆங்கிலம் படித்தவனை ஊரில் பிடித்துவைக்க முடியாதென்றால், தமிழில் படித்தவன் ஊரில் நிற்பான் அல்லவா? 1864இல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். மாணவர்கள் துரைமாரைப் போல உடுத்துவதை அவர் விரும்பவில்லை. கிறிஸ்தவராகலாம், ஆனால் உடையிலும் உணவிலும் தமிழராகவே இருக்கவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஊர்ச் சனத்தின் திண்ணையில் போய் இருக்கக்கூடிய வைத்தியர்கள்தான் அவருக்குத் தேவைப்பட்டார்கள்.

தமிழில் படிப்பிக்கப் புத்தகம் வேண்டும். அன்று மேற்குலகில் வழக்கிலிருந்த பாடநூல்களை எடுத்து, மாணவர்களையும் கூட்டிக்கொண்டு மொழிபெயர்த்தார். 1857இல் 'பிரசவ வைத்தியம்', 1867இல் சத்திரசிகிச்சைக்கு 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', அதே ஆண்டில் 'வைத்தியாகரம்', 1875இல் 'கெமிஸ்தம்'. அவருடைய கையும் மேற்பார்வையும் பட்ட பக்கங்கள் நாலாயிரத்தைத் தாண்டும். சொல் தேடுவதற்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் பார்ப்பது, இல்லாவிட்டால் சமஸ்கிருதத்தில், அதிலும் கிடையாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு வளைப்பது. 'கெமிஸ்தம்' அப்படிப் பிறந்த சொல். இன்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் இரசாயனத்தை ஒரு மானிப்பாய்ப் பையனின் நாக்குக்கு எட்டவைக்க யாரோ ஒருவர் இரவெல்லாம் யோசித்திருக்கிறார் என்பதை அந்தச் சொல் காட்டுகிறது.

இடையில் சில வருடம் அமெரிக்காவில் கழித்து, 1862இல் மனைவி மார்கரட்டோடு திரும்பி வந்தார். வாந்திபேதி ஊர் ஊராக அள்ளிக்கொண்டு போன அந்தப் பத்தாண்டில் அவரும் மாணவர்களும் நோயாளரிடையே நின்றார்கள். 1873இல் உடல்நிலை இடங்கொடாமல் நிரந்தரமாக விடைபெற்றபோது, அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் அறுபதுக்கு மேல். வூஸ்டரில் கிறீன் ஹில் என்ற குடும்ப வீட்டில் இருந்தபடியும் தமிழ்ப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884இல் இறந்தார். அவருடைய கல்லறையில் அவர் கேட்டுக்கொண்டபடியே 'தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர்' என்ற பொருளில் எழுதப்பட்டிருக்கிறது. கவிஞர் அம்பி 1967இல் 'கிறீனின் அடிச்சுவடு' எழுதியிராவிட்டால், மானிப்பாயில் அவர் பெயரில் நிற்கும் ஆஸ்பத்திரிக்கு வெளியே நம்மில் பலருக்கு இந்த மனிதரைத் தெரிந்திருக்காது.

அவருக்குப் பின் தமிழ் வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. குடாநாட்டில் முழு மருத்துவக் கல்வி திரும்பத் தொடங்கியது அவர் போய் 105 வருடம் கழித்து, 1978இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு. படிப்பு மொழி ஆங்கிலம். கிறீனின் கணக்கு விடை காணாமலே கிடந்தது.

போகாமல் நின்றவர்கள்

அந்த விடையைப் பிறகு யுத்தம் வேறொரு வழியில் எழுதியது. 1987 மே மாதம் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை. அதே ஆண்டு ஒக்டோபர் 21ஆம், 22ஆம் திகதிகளில் இந்திய அமைதிப்படையினர் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் நோயாளரும் ஊழியருமாக அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் டொக்டர்கள் சிவபாதசுந்தரம், பரிமேலழகர், கணேசரத்தினம் ஆகிய மூவரும் அடக்கம். மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் படிப்பித்த டொக்டர் ரஜனி திராணகம இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து, 1989 செப்டம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வீடு போகும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்தன, மருந்துக்கும் கட்டுப்பாடு. மண்ணெண்ணெய் விளக்கில் தையல் போட்டார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது, அந்தச் சனத்தில் பெரும் பகுதி தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் வந்து இறங்கியது. பருத்தித்துறையின் வாங்குகளில் இருந்தது அப்போது ஒரு ஊர் அல்ல, பல ஊர். மந்திகை ஆதார வைத்தியசாலையில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பைச் சேர்ந்த வெளிநாட்டு வைத்தியர்கள் வந்து வேலை செய்த காலங்களும் உண்டு. உள்ளூர் டொக்டர்களில் போக வசதியிருந்தவர்கள் பலர் போனார்கள். அதற்கு அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. பிள்ளைகள் இருந்தன, பயம் இருந்தது. நின்றவர்கள் நின்றதற்குப் பெரிய காரணம் எதுவும் சொல்லவில்லை. காலையில் கதவைத் திறந்தால் வாங்கில் ஆட்கள் இருந்தார்கள்.

2004 டிசம்பர் 26 காலை சுனாமி பருத்தித்துறைக் கரையையும் வடமராட்சி கிழக்கையும் அடித்தது. இறந்தவர்களை அடையாளம் காட்டவேண்டி வந்த அந்த நாட்களில், முகத்தை வைத்துப் பெயரையும் பெயரை வைத்துக் குடும்பத்தையும் சொல்லக்கூடியவர்களின் பெறுமதி என்னவென்று கரையோர ஊர்கள் கண்டன.

நோயாளிக்கும் ஒரு புத்தகம்

கிறீன் வைத்தியருக்குத் தமிழில் புத்தகம் செய்தார். நோயாளிக்கு அதைச் செய்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் வடமராட்சிக்காரரான டொக்டர் எம். கே. முருகானந்தன். பருத்தித்துறையில் குடும்ப வைத்தியராக இருந்து, பின்னர் கொழும்பிலும் அதே தொழிலைத் தொடர்ந்தவர். 'தாயாகப் போகும் உங்களுக்கு' போன்ற நூல்களும் பத்திரிகைப் பத்திகளும் ஈழத்து வீடுகளில் மருத்துவத்தைச் சாப்பாட்டு மேசைப் பேச்சாக்கின.

அவருடைய எழுத்தின் பலம் பெரும்பாலும் ஒரு நோயாளி அறைக்குள் நுழையும் காட்சியில் தொடங்குவது. ஒருவர் வருகிறார், ஏதோ சொல்கிறார், சொல்லாமல் விடுகிறார், டொக்டர் அதைக் கண்டுபிடிக்கிறார். நோயின் பெயர் கடைசியில்தான் வரும். குடும்ப வைத்தியம் உண்மையில் நடக்கும் ஒழுங்கும் அதுதான். நிபுணர் உறுப்பிலிருந்து தொடங்கலாம். இவர் ஆளிலிருந்து தொடங்கவேண்டும்.

நோர்வேயின் எண்கள்

ஊரோடு இருப்பதன் பலனை 'பாசம்' என்று சொல்லித் தள்ளிவிடுகிறவர்களுக்கு இப்போது எண்களும் இருக்கின்றன. நோர்வேயில் ஏறக்குறைய ஒவ்வொருவரும் ஒரு குடும்ப வைத்தியரிடம் பதிந்திருக்கிறார்கள். ஏறத்தாழ 45 இலட்சம் பேரின் பதிவுகளை வைத்து அங்கே செய்த ஆய்வொன்று 2022இல் அச்சில் வந்தது. ஒரே வைத்தியரிடம் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஒரு வருடமோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களைவிட இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ கால்வாசி குறைவாக இருந்தது. அவசரமாக ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படுவதும் அதைவிடச் சற்றுக் கூடுதலான அளவில் குறைந்திருந்தது. இது பின்னோக்கிப் பதிவுகளைப் பார்த்த ஆய்வு. எல்லாவற்றுக்கும் டொக்டரே காரணம் என்று அடித்துச் சொல்லமுடியாது. ஆனால் வருடம் கூடக்கூடப் பலனும் படிப்படியாகக் கூடியது என்பதைச் சும்மா கடந்துபோகவும் முடியாது.

ஊரில் இருப்பதே விஞ்ஞானமாகும் என்று காட்டியவர் இங்கிலாந்தில் யோர்க்‌ஷயர் கிராமப்புறத்து டொக்டர் வில்லியம் பிக்கிள்ஸ். 1929இல் அவருடைய பள்ளத்தாக்கில் செங்கமாரி பரவியது. ஒவ்வொரு கிராமத்திலும் யார் யாருக்கு உறவு, யார் எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனார், எந்த நாளில் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தெரிவை மட்டும் வைத்துக்கொண்டு, நோய் தொற்றியதற்கும் வெளியே தெரிந்ததற்கும் இடையில் எத்தனை நாள் என்று கணக்கிட்டார். பெரிய நகரத்து ஆய்வுகூடங்களுக்குக் கிடைக்காத விடை அது. 1939இல் அவர் எழுதிய புத்தகம் தொற்றுநோயியலில் இன்றும் பேசப்படுகிறது. அவர் கேட்டதும் ஒரு வகையில் "வயலுக்குப் போனனீங்களோ?" தான்.

கொப்பியும் சனலும்

இன்று பருத்தித்துறையில் ஒருவருக்கு நோய் வந்தால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மந்திகையில் இலவச கிளினிக். இலங்கை பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு அது. ஆனால் போன மாதம் பார்த்த டொக்டர் இந்த மாதம் இருக்கமாட்டார். நோயாளியின் சரித்திரம் முழுவதும் ஷொப்பிங் பையில் சுற்றிய ஒரு கிளினிக் கொப்பிக்குள் இருக்கிறது. மற்றது, காசு கட்டி ஒரு நிபுணரைச் 'சனல்' பண்ணுவது. விடியவே 750ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி யாழ்ப்பாணம் போய், நெஞ்சுக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர். மூவரும் தனித்தனியே எழுதிய மருந்துத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று பார்க்க யாரும் இல்லை. பத்துக் குளிசையும் ஆச்சியின் மேசையில்தான் சந்தித்துக்கொள்கின்றன.

கொப்பியில் பிறசர் எழுதியிருக்கும். கலியாணம் குழம்பியது எழுதியிருக்காது. சலரோக அளவு இருக்கும். இன்சுலின் வைக்க அந்த வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை என்பது இருக்காது.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் இலங்கையை விட்டுப் போன வைத்தியர்கள் நூற்றுக்கணக்கில். கிறீனின் மாணவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனதைப் போலவே இவர்களும் வாழ்க்கையைத் தேடிப் போகிறார்கள். மொழியை மாற்றினால் ஆள் நிற்பான் என்று கிறீன் நினைத்தார். இன்று அது மட்டும் போதாது. தனியே இருக்கும் டொக்டருக்கு லீவு எடுக்க இன்னொருவர் வேண்டும், பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும், தொடர்ந்து படிக்க வழி வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் ஒரு வைத்தியரிடம் பதியவேண்டும், அவர் அடிக்கடி இடம் மாறக்கூடாது, குடும்ப வைத்தியம் தோற்றவன் போகிற வழி என்ற எண்ணம் மருத்துவ மாணவரிடையே ஒழியவேண்டும். நோர்வே செய்ததும் பெரும்பாலும் இதுதான். அங்கே அதற்குத் தியாகிகள் தேவைப்படவில்லை, ஒரு பதிவேடு தேவைப்பட்டது. ஊர் டொக்டரைத் தெய்வம் என்று கும்பிட்டுவிட்டு அவருக்கு ஒரு பதிலாளைக் கூட ஒழுங்கு செய்யாமல் விடுவது நமக்குப் பழகிப்போன மரியாதை.

கார்த்திகை ஒவ்வொரு வருடமும் வரும். மழை பெய்யும், வயலில் வெள்ளம் நிற்கும், யாரோ ஒருவர் வரம்பு வெட்ட வெறுங்காலோடு இறங்குவார். மூன்றாம் நாள் காய்ச்சலோடு எங்கேயோ ஒரு வாங்கில் வந்து இருப்பார். கிறீன் நாலாயிரம் பக்கம் மொழிபெயர்த்தது, அந்த வாங்குக்கு முன்னால் இரண்டு சொல் கேட்க ஒருவர் இருக்கவேண்டும் என்பதற்காக. "இல்லை" என்று பதில் வந்தால், மூன்றாவது சொல்லையும் கேட்கத் தெரிந்த ஒருவர்.